அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்

பெட்ரோல் பங்கைப் பற்றிக்கூட ஒரு பிரயாணக் கட்டுரை எழுத முடியுமா என்று கேட்கிறவர்கள், சமவெளி ரஸ்தாக்களில் மட்டும் மோட்டார் ஓட்டிப் பழகியவர்களாகத்தான் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவன் வழியிலே எத்தனை பங்குகளைக் கடந்தான் என்று கணக்கு வைத்துக்கொள்வதுமில்லை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கவனிப்பதுமில்லை; ஒன்றில் வரிசை நீளமாக இருந்தால் அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியத்தோடு, சற்றைக்கொரு தரம் தென்படும் அந்தத் தகரக் கூரைகளைத் தாண்டிக்கொண்டே போகிறான். இமயத்தின் முதுகுப் பக்கத்திலே, மரம் என்பதையே மறந்துவிட்ட அந்தப் பிரதேசத்திலே, ஒரு பங்கைப் பார்த்துவிட்டாலோ, அங்கே பெட்ரோல் போட்டவனுடைய தொப்பி எப்படிப்பட்டது, மீதிச் சில்லறையை அவன் எந்தப் பையிலிருந்து எடுத்தான் என்பது முதற்கொண்டு எல்லாம் ஞாபகத்தில் நின்றுவிடுகின்றன. அதற்குக் காரணம் அந்தப் பங்கின் சௌந்தரியம் அல்ல; அதற்கு அப்பால் வேறு பங்க் இல்லை என்பதுதான்.

சண்டிகரில் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகன், தன்னுடைய காரிலேயே சிம்லா, கின்னௌர், ஸ்பிதி வழியாக லாஹௌலுக்கு வந்து, அங்கிருந்து லே நகரத்துக்குப் போவதென்று ஒரு செப்டம்பர் மாதத்தில் தீர்மானித்து, "மாமா, நீங்களும் வாங்க, பேச்சுத் துணையா இருக்கும்" என்று என்னை அழைத்தான். ரோத்தாங் கணவாயின் அடியிலே குடையப்பட்டு 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்ட அடல் சுரங்கப் பாதை அப்போது உபயோகத்துக்கு வந்திருக்கவில்லை. ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம், இப்போது அந்தப் பக்கத்துப் பிரயாணத்தின் சுபாவத்தையே மாற்றிவிட்டது. ஆகையால் நான் சொல்லப்போவது சற்றே பழைய உலகத்தைப் பற்றிய விவரம் என்று வாசகர்கள் கொள்ளவேண்டும்.

சிம்லாவைத் தாண்டிய பிறகு சட்லெஜ் நதியை ஒட்டியே பாதை போகிறது. ஹிந்துஸ்தான் – திபெத் ரஸ்தா என்று வெள்ளைக்காரர் காலத்திலே பெயர் பெற்ற பாதை இதுதான். ரெக்காங் பியோ என்ற மலையூருக்குக் கீழே, நதிக்கரையிலே, போவாரி என்ற இடத்தில் ஒரு பங்க் இருக்கிறது. ஊரிலே நாம் வண்டியை நிறுத்தினால், "எவ்வளவுக்கு சார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். போவாரியில், பச்சை வெல்வெட் மடிப்பு வைத்த கின்னௌரித் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் வந்து, "எதுவரை போகிறீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார். காஜா வரை என்று சொன்னதும், எவ்வளவு என்ற கேள்விக்கே அவர் இடம் வைக்கவில்லை; மூடியைத் திறந்து, கழுத்து வரை நிரப்பிவிட்டு, வண்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கி, உள்ளே இருந்த காற்றுக் குமிழிகள் வெளியேறியதும் இன்னும் அரை லிட்டரைப் புகட்டினார். காஜா அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். இடையிலே ஆப்பிள் தோட்டங்களும், பௌத்த மடாலயங்களும், ராணுவ முகாம்களும் உண்டு, பங்க் கிடையாது.

காஜா என்பது ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் தலைநகரம். தலைநகரம் என்றவுடன் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கூழாங்கற்கள் பரந்து கிடக்கும் நதிப் படுகையின் ஓரத்தில் ஒரு கடைவீதி, வெள்ளை வர்ணம் பூசிய வீடுகள், கூரை மீது குளிர்காலத்துக்காக அடுக்கி வைத்த விறகும் வறட்டியும், இவ்வளவுதான் ஊர். அங்கே உள்ள இந்தியன் ஆயில் பங்கில், உலகத்திலேயே அதிக உயரத்தில் உள்ள சில்லறை விற்பனை நிலையம் இதுவே, உயரம் 3,740 மீட்டர் என்று அறிவிக்கும் பலகையைக் காணலாம். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாமல் எந்த யாத்திரிகனும் போவதில்லை, நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஆனால் திபெத்திலே நாக்சு என்ற நகரம் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதும், அதன் வழியாகப் பெரிய நெடுஞ்சாலை ஒன்று ஓடி, அதிலே ஆயிரக்கணக்கான லாரிகள் போய் வருகின்றன என்பதும் பூகோளம் படித்தவர்களுக்குத் தெரிந்ததே. அந்த லாரிகளெல்லாம் தண்ணீரில் ஓடவில்லை என்றால், காஜாவின் உலகப் பட்டத்தைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதை நான் சொன்னபோது மருமகன், "போட்டோ எடுத்து அனுப்பியாச்சு மாமா, இப்ப போய்ச் சொல்றீங்களே" என்றான்.

பட்டம் யாருக்குச் சேர்ந்தாலும், அந்த உயரத்தின் விளைவுகள் மெய்யானவை. 3,740 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. எஞ்சினுக்கு வேண்டியது பெட்ரோல் மட்டும் அன்று, அதை எரிப்பதற்கு வேண்டிய பிராணவாயுவும்தான். காற்று மெலிந்துவிட்ட இடத்திலே, கீழே மலையைப் புரட்டுவேன் என்று கர்ஜித்த வண்டி, மாடிப்படி ஏறும் வயோதிகரைப்போல நின்று நின்று மூச்சு வாங்குகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் பத்தில் ஒரு பங்கு சக்தி போயிற்று என்பது உத்தேசமான கணக்கு. இக்காலத்துக் கார்கள் காற்றைத் தாமே அளந்து அதற்கேற்றாற்போல் பெட்ரோலைத் தெளித்துக்கொள்கின்றன. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அந்த விவேகம் கிடையாது. கீழே குடித்த அளவையே மேலேயும் குடித்துவிட்டு, எரிக்க முடியாமல் கரும்புகையாகக் கக்கி, ஸ்பார்க் பிளக்கில் கரி பிடித்து நின்றுவிடும்.

காஜாவுக்கு அப்பால் குன்ஜும் கணவாய். அதன் உச்சியிலே குன்ஜும் தேவியின் கோயிலை ஒவ்வொரு வண்டியும் ஒரு முறை பிரதட்சிணம் செய்துவிட்டே இறங்குகிறது; பஸ் டிரைவர்கள் முதல் சுற்றுலா வந்தவர்கள் வரை இதற்கு விலக்கில்லை. இறங்கிய பிறகு பாதல் முதல் கிராம்ஃபூ வரையில் உள்ளதை ரஸ்தா என்று சொல்வது உபசார வழக்கு. உருண்டைக் கற்களின் மீது, பனி உருகி ஓடிவரும் ஓடைகளுக்கு நடுவே, முதல் கியரிலேயே நாள் முழுவதும் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது. இங்கேதான் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நாம் ஊரிலே போட்டுவைத்த கணக்கெல்லாம் பொய்த்துப்போகிறது. இந்தப் பாதையில் பெட்ரோல் தூரத்துக்குச் செலவாவதில்லை, நேரத்துக்குச் செலவாகிறது. முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, கோக்ஸர், சிஸ்ஸு என்ற ஊர்களைக் கடந்து நாங்கள் தாண்டி என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

தாண்டியைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பாராலாச்சா கணவாயின் இரு பக்கங்களில் பிறந்து, எதிரெதிர்த் திசைகளில் ஓடி, மலைகளைச் சுற்றிக்கொண்டு வரும் சந்திரா, பாகா என்ற இரண்டு நதிகள் கலக்கும் இடம் அது. சந்திரனுடைய குமாரியும் சூரியனுடைய குமாரனும் ஒருவர்மேல் ஒருவர் காதல் கொண்டு, உலகத்தைச் சுற்றிவிட்டு வந்து சேர்வோம் என்று பிரிந்து புறப்பட்டு, தாண்டியில் விவாகம் செய்துகொண்டார்கள் என்று அவ்வூர் ஜனங்கள் கதை சொல்கிறார்கள். கலந்த நதிக்குச் சந்திரபாகா என்று பெயர். ஜம்முவுக்குள் நுழைந்ததும் அதுவே செனாப். சங்கமம் ஆகையால் அஸ்தி கரைக்கும் ஸ்தலமாகவும் இருக்கிறது.

இத்தனை பெருமை இருந்தும், மோட்டாரில் வருகிறவர்களுக்குத் தாண்டி என்றால் சங்கமம் அல்ல, பங்க்தான். மலைச்சரிவை ஒட்டிய ஒரு திருப்பத்திலே, எவ்வித ஆடம்பரமும் இல்லாத சிறிய பங்க் ஒன்று. அதன் அருகே, அடுத்த எரிபொருள் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகை. இந்தியாவிலே இவ்வளவு சொற்ப வார்த்தைகளால் இத்தனை பேரை நிறுத்திய பலகை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். வேக எல்லையைக் குறிக்கும் பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தவன் உண்டா? இந்தப் பலகையைப் படித்துவிட்டு நிற்காமல் போனவனை நான் காணவில்லை. டாங்க்கில் முக்கால் பாகம் இருந்தவர்களும்கூட நின்று, இருக்கிற இடைவெளியை நிரப்பிக்கொண்டு போனார்கள்.

"வருஷத்துக்கு 365 நாள், மாமா. ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர்னு வச்சாலும் அடுத்த செப்டம்பர்ல லே போயிடலாம்" என்றான் மருமகன். சூரியனும் சந்திரனும் சம்பந்தம் செய்துகொண்ட ஊரிலே பஞ்சாங்கக் கணக்கு பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தேசப்படத்தை விரித்து அளந்து பார்த்தால், அந்த எண் ஏறக்குறைய லே நகரம் வரைக்கும் உள்ள தூரம் என்பது தெரியும். லேவுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் முன்னதாகவே காரு என்ற இடத்தில் ஒரு பங்க் இருக்கிறது. பலகை எழுதினவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பயமுறுத்துவதென்று தீர்மானித்த பிறகு முழுமையாகப் பயமுறுத்துவதே நல்லது என்று அவர் கருதியிருக்கலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நாங்கள் வரிசையிலே நின்றபோது எங்களுக்கு முன்னால் நான்கைந்து புல்லட் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. பின்பலகையிலே தமிழ்நாட்டுப் பதிவெண். கோயம்புத்தூர்ப் பையன்கள். முகமெல்லாம் வெயிலில் தோல் உரிந்து, மூக்கு மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. தமிழ்க் குரல் கேட்டதும் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து, "அண்ணா, கேன் வச்சிருக்கீங்களா? இல்லைன்னா எங்ககிட்ட ஒண்ணு உபரியா இருக்கு" என்று என் மருமகனிடம் கேட்டான். எங்களிடம் இருந்தது. என்னைப் பார்த்து, "சார், உங்களுக்குத் தலைவலி ஒண்ணும் இல்லியே? தண்ணி நெறையக் குடிங்க" என்று வைத்தியமும் சொன்னான். அவர்கள் ஏறி வந்த வண்டிக்கும் இந்த மலைகளுக்கும் உள்ள சம்பந்தம் பழையது. எல்லையைக் காவல் செய்யும் ராணுவத்துக்காக அரசாங்கம் புல்லட் வண்டிகளைத் தருவித்ததும், அதையொட்டி 1955-இல் சென்னையிலே அதன் உற்பத்தி ஆரம்பமானதும், திருவொற்றியூர்த் தொழிற்சாலை எழுந்ததும் வரலாறு. கடற்கரையோரம், தெய்வம் தியாகராஜராக வீற்றிருக்கும் ஊரிலே பிறந்த வண்டி, கடலையே காணாத லாஹௌலிலே பெட்ரோலுக்கு வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் முறை வந்தது. பம்பின் முகப்பைச் சுட்டிக்காட்டி, "ஜீரோ தேக் லீஜியே, சாப்" என்றான் அங்கே இருந்த பையன். "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று நம் ஊர்ப் பங்கிலே தினமும் கேட்கும் அதே வாசகம்! கன்யாகுமரி முதல் பனிமலை வரை தேசத்தை ஐக்கியப்படுத்தி நிற்பவை எவை எவை என்று பிரசங்கம் செய்கிறவர்கள் இந்தப் பூஜ்யத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது தெரியவில்லை. டாங்க் நிரம்பிய பிறகு கேனையும் நிரப்பினான். அதை விளிம்பு வரை நிரப்பவில்லை. மேலே நான்கு விரல் இடம் விட்டு நிறுத்திக்கொண்டு, "மேலே போனால் உப்பும்" என்றான்.

உப்பத்தான் செய்தது. பாராலாச்சாவைத் தாண்டி, சர்ச்சூ சமவெளியைக் கடந்து, காட்டா வளைவுகள் என்று பெயர் பெற்ற இருபத்தொரு கொண்டை ஊசித் திருப்பங்களில் ஏறி, பாங் என்ற கூடார முகாமை அடைந்தபோது, எங்கள் பிளாஸ்டிக் கேன் நாலு பக்கமும் புடைத்து, வைத்த இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டிருந்தது. மூடியைச் சிறிது தளர்த்தியதும் புஸ்ஸென்ற சப்தத்தோடு ஆவி சீறிக்கொண்டு வந்தது. நல்ல வேளையாகப் பக்கத்தில் அடுப்போ, பீடியோ இல்லை. அந்தக் காட்டா வளைவுகளிலே ஓரிடத்தில், பழுதான லாரியைக் காவல் காத்து, தண்ணீரில்லாமல் உயிர் விட்ட ஒரு கிளீனருடைய ஆவி உலவுவதாகச் சொல்லி, போகிறவர்களெல்லாம் தண்ணீர்ப் பாட்டில்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். பாட்டில்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன. பெட்ரோல் பாட்டில் வைத்தவர் எவருமில்லை. அது உயிருள்ளவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

பாங் என்ற இடம் சுமார் 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராணுவ முகாம் ஒன்றும், லடாக்கியப் பெண்மணிகள் நடத்தும் கூடாரச் சாப்பாட்டுக் கடைகள் சிலவும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு கூடாரத்தில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் கடைக்கார அம்மாளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ விசாரித்தார். அந்த அம்மாள் நூடுல்ஸ் வேகும் பாத்திரத்தின் மூடியைச் சரிசெய்துவிட்டு, எழுந்து கூடாரத்தின் பின்பக்கம் போய், தண்ணீர்ப் பாட்டில்கள் இரண்டில் பெட்ரோலைக் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர் பேரம் பேசவில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். பங்க் விலைக்கு அது எவ்வளவோ மேல்தான். ஆனால் அந்தப் பெட்ரோலும் யாரோ ஒருவருடைய லாரியின் முதுகிலே கணவாய் ஏறி வந்தது என்பதை நினைத்தால், அநியாய விலை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

உண்மையிலே பெட்ரோல் வியாபாரம் பிறந்ததே இப்படி ஒரு கடையிலேதான். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜெர்மனியிலே பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டு, தம் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் இருந்த போர்ட்ஸ்ஹைமுக்குத் தாய் வீடு போய்வரப் புறப்பட்டார். எந்தச் சாலையிலும் பங்க் இல்லாத காலம். வழியிலே எண்ணெய் குறைந்துபோகவே, வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையிலே, துணிக் கறை போக்குவதற்கென்று விற்றுவந்த லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு மேலே சென்றார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தவரும் அவரே. உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக் கடை இன்று உரிமை கொண்டாடுகிறது. மருந்துக் கடைக்காரருக்கும் பாங் கூடாரத்து அம்மாளுக்கும், நம் ஊர்க் கிராமங்களிலே பெட்டிக் கடை வாசலில் பெட்ரோல் பாட்டிலை வைத்திருப்பவருக்கும் தொழில் ஒன்றே. கூரையும் மீட்டரும் கழிப்பறையும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

பாங்கில் எங்களுக்கு ஒரு சிநேகிதர் வாய்த்தார். பஞ்சாபைச் சேர்ந்த டாங்கர் லாரி டிரைவர். காட்டா வளைவுகளில் எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டவர். லே பக்கத்துப் பங்குகளுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிறார். பனி விழுந்து பாதை மூடினால் மறுபடி திறக்கப் பல மாதங்கள் ஆகும் என்பதால், லடாக்குக்கு வேண்டிய குளிர்காலச் சரக்கு முழுவதையும் அதற்குள்ளே மேலே ஏற்றிவிட வேண்டும். அவரை அதிகம் வருத்துவது ஏற்றமும் அல்ல, பள்ளமும் அல்ல, டீசல் உறைவதுதான் என்றார். பருவக் கடைசியிலே இரவில் எஞ்சினை நிறுத்தினால், காலையில் டீசல் மெழுகாகத் திரைந்து குழாயை அடைத்துக்கொள்ளுமாம். மண்ணெண்ணெய் கலப்பதும், வண்டியின் டாங்க்குக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சூடு காட்டுவதும் வழக்கமாம். எண்ணெய்த் தொட்டிக்கு அடியிலே நெருப்பு வைப்பதை, குழந்தைக்கு வெந்நீர் போடுவதைச் சொல்வதுபோல் அவர் சாதாரணமாகச் சொன்னார். மைனஸ் 33 டிகிரி வரையில் உறையாத குளிர்கால டீசல் ஒன்றை இந்தியன் ஆயில் கம்பெனி 2019 நவம்பரில் லடாக்குக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்ததாகப் பின்னால் பத்திரிகையில் படித்தபோது, எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

மோரே சமவெளியையும், 5,328 மீட்டர் உயரமுள்ள தாங்லாங் கணவாயையும் கடந்து, உப்ஷியிலே சிந்து நதியைக் கண்டு, காருவுக்கு வந்தோம். கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்றே அதிகம். எங்களுக்கும் காருக்கும் அதே தள்ளாட்டம். முள் அப்போதும் கால் பாகத்துக்கு மேலே காட்டியது. காருவில், ராணுவ வாகனங்களும் டாக்ஸிகளுமாகக் கூட்டம் நெரிய, பங்க் கயிறு கட்டி மறிக்கப்பட்டிருந்தது. லோடு இறங்குகிறது, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார்கள். தரைக்கடியில் உள்ள தொட்டிக்குக் குழாய் போட்டுக்கொண்டு நின்றது வேறொரு டாங்கர். அதன் பின்னால், தன் முறைக்காகக் காத்து நின்றவர் நம் பஞ்சாபிக்காரர்! நாங்கள் தாங்லாங் உச்சியில் நீண்ட நேரம் தங்கிவிட்டபடியால் அவர் முந்திக்கொண்டுவிட்டார். எங்களைக் கண்டதும் இறங்கி வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

காத்திருந்த நேரத்தில் என் மருமகன் அவரிடம், உங்கள் வண்டிக்கு எங்கே டீசல் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டான்.

"தாண்டியில்தான், பாயி சாப்! வேறு எங்கே இருக்கிறது?"

"பின்னால் தொட்டி நிறைய வைத்துக்கொண்டா?"

டிரைவர், டாங்கரின் வால்வுகளிலே தொங்கிய முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கம்பெனி வைத்த சீல். ஒன்று அறுந்தாலும் உத்தியோகம் போய்விடும். நடுவழியில் வண்டி நின்றால், முதுகிலே ஆயிரக்கணக்கான லிட்டரை வைத்துக்கொண்டு, போகிற வருகிற லாரிகளிடம் ஐந்து லிட்டருக்குக் கை நீட்ட வேண்டியதுதான் என்றார். ஆகையால் அவரும் போகும்போதெல்லாம் தாண்டியில் நின்று, பலகையைப் படித்து, கழுத்து வரை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புகிறார். பிறகு எங்களைக் கேபினுக்குப் பின்பக்கம் அழைத்துப்போய், கயிற்றால் இறுகக் கட்டி, மேலே நான்கு விரல் இடம் விட்டு டீசல் நிரப்பி வைத்திருந்த இருபது லிட்டர் கேனைக் காட்டினார்.